பத்து மணி நேரமும் ஒரு பிரபுவும்

19-ம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசியல்வாதி ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்குப் பிடிக்கும். அவரைக் கொண்டுபோய்ப் பீடத்தில் ஏற்றினால் எரிச்சல் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் ரொம்ப நாளாக அல்லாடிக்கொண்டிருக்கிறேன். கிளறிவிட்டவர் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், தொழிற்சங்க வேலையிலேயே தலை நரைத்தவர். பஞ்சாலை வேலையை நாளைக்குப் பத்து மணிக்குள் அடக்கிய அந்தக் காலத்துப் பத்து மணி நேரச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் ஷாஃப்ட்ஸ்பரியைப் புகழ, அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "தொழிலாளிக்கு ஓட்டு கூடாதுன்னு நின்ன ஆளுதானே தம்பி அவரு?" ஆமாம், அதே ஆள்தான். 1832-ல் வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்தார், 1867-ல் நகரத்து ஆண் தொழிலாளிகளில் பெரும்பகுதிக்கு ஓட்டு கொடுத்த சட்டத்தையும் எதிர்த்தார். அதே மனிதர்தான் மில்லிலும் சுரங்கத்திலும் கிடந்த பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பாதி ஆயுளைக் கொடுத்தார். இரண்டையும் ஒரே மனசு எப்படிச் செய்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

ஆன்டனி ஆஷ்லி கூப்பர். 1801-ல் லண்டன் கிராவ்னர் சதுக்கத்தில் பிறந்தார். அப்பா பின்னாளில் ஆறாவது ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, அம்மா மார்ல்பரோ கோமகன் வீட்டுப் பெண். பணத்துக்கும் பரம்பரைக்கும் குறையில்லாத வீடு, ஆனால் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. அன்பு காட்டியது மரியா மில்லிஸ் என்ற வேலைக்காரப் பெண்மணி ஒருவர்தான். ஜெபம் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அவர் இறந்தபோது தன் தங்கக் கடிகாரத்தை இந்தப் பையனுக்கு எழுதிவைத்தார், கடைசி வரை அதைத்தான் வைத்திருந்தார். 25 வயதில் நாடாளுமன்றம், தாய்மாமன் செல்வாக்கில் இருந்த வுட்ஸ்டாக் தொகுதியிலிருந்து. இப்படி உள்ளே வந்த ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பந்தியும் வேட்டையுமாக இருந்துவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் செய்தது வேறு. நேரில் போய்ப் பார்த்தார். இதை அவருடைய மிகப் பெரிய குணமாக நினைக்கிறேன், இரக்கத்தைவிடப் பெரியதாக. 1827-ல் மனநோயாளிகளை அடைத்துவைத்த தனியார் விடுதிகளைப் பற்றி விசாரித்த கமிட்டியில் உறுப்பினராகப் போடப்பட்டார். கிழக்கு லண்டன் பெத்னல் கிரீனில் ஒரு விடுதியில் சனிக்கிழமை மத்தியானம் நோயாளிகளை வைக்கோல் தொட்டிகளில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில்தான் அவிழ்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊழியர்களுக்கு விடுமுறை வேண்டுமே, அதற்காக. பிறகு முற்றத்தில் நிறுத்திக் குளிர்ந்த தண்ணீரை அடிப்பார்கள். அடுத்த வருடம் இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேச எழுந்தபோது அவர் குரல் பலருக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவு தயக்கம். ஆனால் 1828-ல் மனநலக் கண்காணிப்புக் குழுவில் சேர்ந்தவர், 1885-ல் சாகும் வரை 57 வருடம் அந்த வேலையை விடவில்லை. அதில் பெரும்பகுதி தலைவராக இருந்தார். புகழ் கிடைக்காத வேலை, ஓட்டு கிடைக்காத வேலை. நோயாளிகளுக்கு ஏது ஓட்டு.

கதவுக்குப் பின்னால் இருந்த பிள்ளை

1840-ல் அவர் கேட்டுப் பெற்ற விசாரணைக் கமிஷனின் முதல் அறிக்கை 1842 மே மாதம் வந்தது, நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றியது. இடுப்பில் வார் கட்டி, காலுக்கு நடுவே சங்கிலி ஓட, நாலு காலில் தவழ்ந்து கரி வண்டியை இழுக்கும் சிறுமியின் படம் அதில் உள்ளதுதான், பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படத்தைவிட அதில் உள்ள ஒரு வாக்குமூலம் மறக்க மாட்டேன் என்கிறது. யார்க்‌ஷயரில் கோபர் சுரங்கம். சாரா கூடர், வயது எட்டு. சுரங்கத்துக்குள் காற்று ஓட்டத்தைச் சீராக வைக்க அங்கங்கே கதவுகள் போட்டிருப்பார்கள். கரி வண்டி வரும்போது கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்து, போனதும் மூட வேண்டும். அதுதான் அவள் வேலை. காலையில் நாலு மணிக்கு, சில நாள் மூன்றரைக்கே உள்ளே போவாள், சாயந்திரம் ஐந்து, ஐந்தரைக்கு வெளியே வருவாள். களைப்பு ஒன்றும் இல்லை, ஆனால் விளக்கில்லாமல் உட்கார வேண்டியிருக்கிறது, பயமாக இருக்கிறது என்கிறாள். வெளிச்சம் இருந்தால் சில சமயம் பாடுவேன், இருட்டில் பாட மாட்டேன், அப்போது பாடத் துணிச்சல் வராது என்கிறாள்.

இதற்கு எதிர்த் தரப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? வடக்கே டர்ஹாம் பக்கத்துச் சுரங்க முதலாளிகளின் வாதம் பிரபுக்கள் சபையில் லண்டன்டெரி பிரபு வழியாக வந்தது. கதவுப் பிள்ளைகள் பொதுவாகச் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள், குச்சி செதுக்குவார்கள், காற்றாலை பொம்மை செய்து விளையாடுவார்கள் என்று. விளக்கில்லாத இடத்தில் எப்படிக் குச்சி செதுக்குவது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

1842 ஜூன் 7-ம் தேதி ஆஷ்லி (அப்பா இருக்கும் வரை அவருக்கு அந்தப் பெயர்தான்) இரண்டு மணி நேரம் பேசினார். அந்த அறிக்கையிலிருந்தே பேசினார், பிள்ளைகள் சொன்னதை எடுத்து எடுத்து வைத்தார். அவரைக் கடுமையாக விமர்சித்து வந்த ரிச்சர்ட் காப்டன், மான்செஸ்டர் முதலாளிகளின் குரல், பேச்சு முடிந்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மசோதா சுலபமாகக் கீழ்ச்சபையைத் தாண்டியது. மேல்சபையில் அதைக் கையில் எடுக்க ஒரு பிரபுவைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்பது நிலைத்தது. ஆண் பிள்ளைகளுக்கு அவர் கேட்ட வயது 13, மேல்சபை அதை 10 ஆக்கியது. ஆகஸ்டில் சட்டம் ஆனது. மூன்று வயது குறைந்துபோனதே என்று சோர்ந்தார், ஆனாலும் ஏற்றுக்கொண்டார். இந்தப் பழக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கிடைத்ததை வாங்கிக்கொண்டு நகர்வது. எட்டு வருடம் கழித்து அதுதான் அவரைக் கடித்தது.

இரண்டு முடிவுகள்

பத்து மணி நேர மசோதா அவர் கண்டுபிடித்த விஷயம் இல்லை. யார்க்‌ஷயர், லங்காஷயர் மில் தொழிலாளிகள் குறைந்த நேரக் கமிட்டிகள் என்று ஊருக்கு ஊர் வைத்து நடத்திய போராட்டம் அது. ரிச்சர்ட் ஓஸ்ட்லர் 'யார்க்‌ஷயர் அடிமைத்தனம்' என்று 1830-ல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் தீப்பிடித்தது. நாடாளுமன்றத்தில் அதைத் தூக்கிப் பிடித்த மைக்கேல் சாட்லர் 1832 தேர்தலில் தோற்றுப்போனார். அடுத்து யார் என்று தேடியபோது, கமிட்டிகளின் சார்பில் ஜார்ஜ் புல் என்ற பாதிரியார் 1833 தொடக்கத்தில் ஆஷ்லியிடம் வந்தார். அதுவரை ஒரு மில்லைக்கூடச் சரியாகப் பார்த்திராத 31 வயது மனிதர். யோசிக்க அவகாசம் கேட்டார், வீட்டுக்குப் போய் மனைவி மின்னியிடம் என்னென்ன கஷ்டம் வரும் என்று எல்லாம் சொன்னார். உங்கள் கடமை இது, மற்றதை விடுங்கள் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஒத்துக்கொண்டார். ஆக, தொழிலாளிகள் தேடி வந்து ஒப்படைத்த பொருள் அது. என் வாதம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

அப்புறம் 13 வருடம் இழுபறி. 1833 சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ் பிள்ளைகளைப் பஞ்சாலைகளில் தடுத்தது, நாலு இன்ஸ்பெக்டர்களையும் போட்டது. நல்ல சட்டம்தான், ஆனால் பத்து மணி நேரம் இல்லை. 1844-ல் பத்து மணி நேரத்துக்காக அவர் கொண்டுவந்த திருத்தம் 179-க்கு 170 என்று ஜெயித்தது, இரண்டு மாதத்துக்குள் பிரதமர் ராபர்ட் பீல் சொந்தக் கட்சியை மிரட்டித் திருப்பிவிட்டார். அதற்கு முன்பே பீல் பதவி தருவதாகக் கூப்பிட்டிருந்தார். பத்து மணி நேரத்துக்கு உறுதி தராத அரசில் உட்கார மாட்டேன் என்று ஆஷ்லி மறுத்துவிட்டார். பிள்ளைகள் நிறைய, கடன் தலைக்கு மேல், அப்பாவிடம் பேச்சுவார்த்தை இல்லை. இந்த நிலைமையில் சம்பளம் வரும் பதவியை வேண்டாம் என்பது சாதாரணக் காரியம் இல்லை.

1846-க்கு வருகிறேன். உள்ளூர்த் தானிய விலையைத் தூக்கி வைத்திருந்த இறக்குமதி வரியை எடுத்துவிடுவது என்று பீல் முடிவெடுத்தார். ஆஷ்லி அப்போது டார்செட் மாவட்டத்தின் உறுப்பினர். அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் நிலக்காரர்களும் குத்தகை விவசாயிகளும், அந்த வரியைக் காப்பாற்றுவார் என்று நம்பித்தான் அனுப்பினார்கள். ஆனால் வரி போகத்தான் வேண்டும் என்று அவர் மனசு மாறிவிட்டது. அப்படியானால் ஓட்டு போட்டவர்களிடம் சொன்னதற்கு எதிராக அவர்கள் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து வாக்களிப்பது நியாயமில்லை என்று ஜனவரி மாதம் உறுப்பினர் பதவியை விட்டார். பத்து மணி நேர மசோதாவை மறுபடி கொண்டுவந்திருந்த நேரம் அது. 13 வருட உழைப்பை அப்படியே வைத்துவிட்டு வெளியே நடந்தார். மசோதாவை ஓல்டம் உறுப்பினர் ஜான் ஃபீல்டன் எடுத்துக்கொண்டார், அவரே ஒரு மில் முதலாளி, ஆனால் தொழிலாளி பக்கம் நின்றவர். 1847 ஜூனில் சட்டம் நிறைவேறியது. அன்றைக்கு ஆஷ்லி சபையில் இல்லை.

எப்படி நிறைவேறியது என்பதும் முக்கியம். வரி போன கோபத்தில் இருந்த நிலக்காரப் பிரபுக்கள், அதற்குக் காரணமான மில் முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றே பலர் ஆதரித்தார்கள். ஆதரித்தவர்கள் எல்லோருக்கும் நோக்கம் சுத்தமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பழிவாங்கப் போட்ட ஓட்டாக இருந்தாலும் ஒரு பதினான்கு வயதுப் பெண் வெளிச்சம் இருக்கும்போதே மில்லை விட்டு வந்தாள் அல்லவா. பெண்களுக்கும் 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கும்தான் சட்டம், ஆனால் அவர்கள் இல்லாமல் மெஷினை ஓட்ட முடியாது என்பதால் ஆண்களுக்கும் வேலை நேரம் குறையும் என்றுதான் கமிட்டிகள் கணக்குப் போட்டிருந்தன. 1848 மே முதல் நாளைக்கு 10 மணி நேரம், சனிக்கிழமை 8, வாரத்துக்கு 58.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? ஷிப்ட் முறையை நுழைத்தார்கள். ஒரு பெண்ணைக் காலையில் இரண்டு மணி நேரம் வேலை வாங்குவது, அனுப்புவது, பிறகு கூப்பிடுவது, மறுபடி அனுப்புவது. மொத்தம் பத்து மணிதான், ஆனால் மில் காலை ஐந்தரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை ஓடும், அவளோ பதினைந்து மணி நேரமும் மில்லையே சுற்றிக்கொண்டிருப்பாள். எந்த நேரத்தில் யார் வேலை செய்தார்கள் என்று இன்ஸ்பெக்டரால் நிரூபிக்கவும் முடியாது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், 1850 பிப்ரவரியில் இந்த ஷிப்ட் முறை சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. 17 வருடம் கழித்துக் கிடைத்தது காகிதமாகிப்போனது.

இப்போது ஆஷ்லி பாத் நகரத்து உறுப்பினராகச் சபைக்குத் திரும்பியிருந்தார். ஓட்டையை அடைக்க மசோதா கொண்டுவந்தார். உள்துறை அமைச்சர் ஜார்ஜ் கிரே ஒரு சமரசம் வைத்தார்: பெண்களும் இளையவர்களும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைக்குள்தான், சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணியோடு சரி. ஷிப்ட் தந்திரம் ஒழியும். விலை என்ன என்றால், நாளைக்குப் பத்தரை மணி நேரம், வாரம் 60. ஆஷ்லி ஒத்துக்கொண்டார். தனக்கு ஒப்படைத்த கமிட்டிகளைக் கூட்டிக் கேட்டுவிட்டு இல்லை, முடிவெடுத்துவிட்டுக் கடிதம் எழுதி அறிவித்தார். திட்டு விழும் என்று அவருக்கே தெரியும். விழுந்தது. துரோகி என்றார்கள். இருபது வருடம் சிறைக்கும் அவமானத்துக்கும் அஞ்சாமல் நின்ற ஓஸ்ட்லரும் கொதித்தார். எந்தப் பிள்ளைகளுக்காகப் போராட்டம் ஆரம்பித்ததோ, அந்த 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அந்த ஆறு மணிக் கணக்கு பொருந்தவும் இல்லை. சேர்க்கச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை, 1853 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சமரசம் தப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. வேலை முடியும் நேரம் எது என்று மணி பார்த்துச் சொல்ல முடிந்தால்தான் எந்தச் சட்டமும் நிற்கும். ஆறு மணிக்கு மெஷின் நிற்க வேண்டும் என்றால் ஆறு ஐந்துக்கு உள்ளே போகும் இன்ஸ்பெக்டருக்கு வேறு சாட்சியே வேண்டாம். சனிக்கிழமை அரை நாள் விடுமுறையும் அங்கிருந்துதான் வேர்விட்டது. எண்ணிப் பார்த்தால் அவர் செய்தது சாமர்த்தியமான முடிவு.

என்னை உறுத்துவது 1846-ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது. டார்செட் நிலக்காரர்களிடம் சொன்னதிலிருந்து மாறினார், உடனே அவர்கள் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார். மில் தொழிலாளிகளிடம் சொன்னதிலிருந்து மாறினார், அவர்களிடம் போய் நிற்கவில்லை. ஒருவேளை இரண்டும் ஒன்று என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது. நிலக்காரர்கள் அவரை அனுப்பியவர்கள். தொழிலாளிகள் அவர் காப்பாற்றுகிறவர்கள். அனுப்பியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், காப்பாற்றப்படுகிறவர்களுக்கு நல்லது எது என்று இவரே முடிவு செய்யலாம். நாணயம் என்றால் உயிர் கொடுக்கிற மனிதர் அவர், பேராசையும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. ஆனாலும் அந்த அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓட்டு கூடாது என்றதும், கேட்காமல் சமரசம் செய்ததும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

சொந்த நிலம்

அவரைத் தாக்க நினைத்த மில் முதலாளிகள் ஒரே ஒரு கல்லை வைத்திருந்தார்கள், அது குறி தவறாத கல். எங்கள் மில்லைப் பார்க்க வருகிறாயே, உன் அப்பன் பண்ணையில் கூலிக்காரன் எப்படி இருக்கிறான் என்று பார்த்தாயா? அந்தப் பண்ணை இருந்த டார்செட்டின் விவசாயக் கூலிகள் இங்கிலாந்திலேயே மிகவும் அடிபட்டவர்கள். 1834-ல் வாரக் கூலி ஏழு ஷில்லிங்காக இறங்கி, ஆறாகும் என்ற நிலையில் சங்கம் வைக்கப் போய்த்தான் டால்படில் ஊர்க்காரர்கள் ஆறு பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். அப்போது அந்த மாவட்டத்தின் உறுப்பினர் ஆஷ்லி. அவர்களை மீட்க நாடாளுமன்றத்தில் போராடியவர் என்று இன்றைக்கு நினைக்கப்படுவது தாமஸ் வாக்லி என்ற வேறொரு உறுப்பினர்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்றும் சொல்ல முடியாது. 1843-ல் ஸ்டர்மின்ஸ்டரில் ஒரு விவசாயச் சங்க விருந்தில், நிலக்காரர்கள் முகத்துக்கு நேராகவே, நம் கூலிகளின் நிலைமையை நாம் சரிசெய்ய வேண்டும் என்று பேசினார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை, வருடக்கணக்கில் வீட்டு வாசலை மிதிக்க முடியாமல் போனது. 1851-ல் அப்பா இறந்து பட்டமும் பண்ணையும் கைக்கு வந்ததும் பண்ணை ஊரான விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸில் குடிசை குடிசையாகப் போய்ப் பார்த்தார். அழுக்கும் நெரிசலும் நாற்றமும். இப்படிப்பட்ட வீடுகள் என் நிலத்தில் இருக்கிறதே என்று வெட்கத்தோடு நாட்குறிப்பில் எழுதினார். பண்ணையே கடனில் இருந்தது. வீட்டுச் சுவரில் இருந்த ஓவியங்களை விற்றுக் கூலிகளுக்கு வீடு கட்டினார். நம்பி வைத்த பண்ணை நிர்வாகி ஏமாற்றியதில் 1860-களில் வழக்கு வழக்கென்று அலைந்தார். கட்டிய வீடுகள் நல்ல வீடுகள். கூலி எவ்வளவு என்று பேச அந்த வீட்டில் இருந்தவனுக்கு உரிமை வந்துவிட்டதா என்றால், இல்லை.

இதே குணத்தை இந்தியா விஷயத்திலும் பார்க்கலாம், அங்கேயும் நல்லதுதான் அதிகம். 1843-லேயே அபின் வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்று சபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1876-ல் விக்டோரியாவுக்கு இந்தியப் பேரரசி என்ற பட்டம் வேண்டாம் என்று பிரபுக்கள் சபையில் எதிர்த்தார். 1879-ல், கிட்டத்தட்ட 78 வயதில், இந்திய மில்களில் உள்ள பிள்ளைகளுக்கும் சட்டம் வேண்டும் என்று பேசினார். பம்பாய் மில்களின் போட்டியை அடக்க லங்காஷயர் முதலாளிகளும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள், மறுபடியும் கலந்த நோக்கங்கள். 1881-ல் வைஸ்ராய் ரிப்பன் காலத்தில் வந்த சட்டம் ஏழு வயதுக்குக் கீழே தடுத்தது, ஏழிலிருந்து 12 வயது வரை நாளைக்கு ஒன்பது மணி நேரம் என்றது. நூறு பேருக்குக் குறைந்த ஆலைகளுக்குப் பொருந்தாது. பலவீனமான சட்டம், ஆனால் அதுதான் முதல் படி.

1885 அக்டோபரில் அவருடைய இறுதிச் சடங்கு வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நடந்தபோது தெருவில் நின்றவர்கள் தள்ளுவண்டி வியாபாரிகள், பூ விற்கும் பெண்கள், ஏழைப் பள்ளிப் பிள்ளைகள். அந்தக் கூட்டம் பொய்யில்லை. யாரும் காசு கொடுத்துக் கூட்டி வந்த கூட்டம் இல்லை. அதை நினைத்தால் என் கோபம் தணிந்துவிடும், பிறகு இன்னொரு தேதி ஞாபகம் வரும். 1867-ல் அவர் எதிர்த்த சட்டம் நிறைவேறி, மில் ஊர்களில் தொழிலாளிகள் ஓட்டுப் போட ஆரம்பித்தார்கள். வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லிச் சங்கங்கள் வேட்பாளர்களை நேராகவே கேட்டன, இரண்டு கட்சிகளுக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 1874-ல் புதிய தொழிற்சாலைச் சட்டம்: பஞ்சாலையில் நாளைக்குப் பத்து மணி நேரம், சனிக்கிழமை ஆறரை, வாரம் ஐம்பத்தாறரை. 1850-ல் போன அரை மணி நேரம் திரும்பி வந்தது, அதற்கு மேல் கொஞ்சமும் கிடைத்தது. ஷாஃப்ட்ஸ்பரி அப்போது பிரபுக்கள் சபையில் இருந்தார், வயது 73.